19 வருடமாக ஓட்டுகிறேன், இப்போது போய்ப் பயிற்சி வகுப்பில் சேர்வதா?

தேய்ந்த டயர்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் வெட்கக்கேடானது. அதனால்தான் இத்தனை நாள் கேட்காமல் இருந்தேன்.

எனக்கு வயது 38. பைக் ஓட்டத் தொடங்கி 19 வருடமாகிறது. கற்றுக்கொடுத்தவர் மாமா. ஒரு ஞாயிறு மாலை, ஒரு காலி மைதானம், அவருடைய பழைய வண்டி. மொத்தப் பாடமும் முக்கால் மணி நேரம். கிளட்சைப் பிடி, கியரைப் போடு, மெதுவாக விடு. மூன்று தடவை வண்டி ஆஃப் ஆனது, நான்காம் தடவை ஓடியது. இறங்கும்போது அவர் சொன்ன எச்சரிக்கை ஒன்றே ஒன்றுதான்: "முன் பிரேக்கை மட்டும் தொடாதே, குப்புறத் தூக்கிப் போட்டுடும்." அன்றிலிருந்து நான் அதைத் தொட்டதில்லை. நின்ற வண்டி உருளாமல் இருக்கப் பிடிப்பேன், அவ்வளவுதான்.

போன மாதம் மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். வேகம் 50 இருக்கும். எதிரே வந்த கார் இண்டிகேட்டர்கூடப் போடாமல் குறுக்கே திரும்பியது. பின் பிரேக்கில் ஏறி நின்றேன் என்றே சொல்லலாம். சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டியின் பின்பக்கம் தேய்த்துக்கொண்டே ஒரு புறமாக இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் நின்றபோது கார்க் கதவுக்கும் என் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். கார்க்காரர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். மகளின் ஹெல்மெட் முதுகில் இடித்த இடம் இரண்டு நாள் வலித்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் கேட்டாள்: "ஏம்ப்பா, அப்போ முன் பிரேக் எதுக்கு இருக்கு?" குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பயிற்சி வகுப்பு ஒன்றைத் தேடிப்பிடித்ததும் அவள்தான். இரண்டு நாள். முதல் நாள் காலை மட்டும் வகுப்பறை, மீதியெல்லாம் மைதானம். நான் கேட்க வந்தது இதுதான்: புதிதாகக் கற்க வருகிறவர்கள் நடுவே என்னைப் போன்ற ஒருவன் போய் நிற்பதில் அர்த்தம் இருக்கிறதா? இது கிளட்ச், இது கியர் என்று ஆரம்பித்தால் அரை நாள் வீண்தானே? அப்புறம், இந்த முன் பிரேக் பயம் இரண்டு நாளில் போகிற பயமா? நண்பன் ஒருவன், வீடியோவைப் பார்த்துக் காலி இடத்தில் நீயே பழகிக்கொள் என்கிறான். போய் வந்தவர்கள் சொல்லுங்கள். கிண்டல் செய்பவர்களும் செய்யலாம், பதிலோடு சேர்த்துச் செய்யுங்கள்.


இரண்டாம் கியர்:

நான் 43 வயதில் போய்ச் சேர்ந்தவள். அதற்கு முன் 20 வருடம் பின் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் என் அனுபவம். ஆகவே உங்கள் கேள்விக்கு நான் சரியான ஆள் இல்லை. ஆனால் எங்கள் குழுவில் உங்களைப் போல ஒருவர் இருந்தார், 15 வருடமாக ஓட்டுகிறவர். அவரைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு உதவும்.

முதல் ஒரு மணி நேரம் இன்ஜினை யாரும் ஸ்டார்ட் செய்யவே இல்லை. ஒருவர் ஏறி உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடிக்க, இன்னொருவர் பின்னாலிருந்து தள்ள வேண்டும். அந்த 15 வருடக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளினார். அடுத்தது கிளட்ச். முதல் கியரில் போட்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, மெல்ல விட்டால் ஓரிடத்தில் வண்டி மூக்கை லேசாகத் தூக்கி இழுக்கும். அங்கேயே மறுபடி பிடித்து, காலால் பின்னால் நகர்த்தி, திரும்பவும் விட வேண்டும். இருபது தடவையாவது செய்திருப்போம். ஹாஃப் கிளட்ச் என்று எல்லோரும் வாயால் சொல்வதை என் இடது கை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது. அவர் அதை இரண்டு தடவை செய்து காட்டிவிட்டு நிழலுக்குப் போய்விட்டார்.

மதியம் யு டர்ன். கூம்பு வைத்துக் குறித்த ஒரு கட்டத்துக்குள் கால் ஊன்றாமல் திரும்ப வேண்டும். அன்றைக்கு அதிகக் கூம்புகளைத் தள்ளியவர் யார் தெரியுமா? அவர்தான். மெதுவாகப் போனாலே இரண்டு காலையும் இறக்கித் தரையில் தேய்த்துக்கொண்டு வருகிற பழக்கம் அவருக்கு. பயிற்சியாளர் அதட்டவே இல்லை. திருப்பத்தின் மறுகோடியில் போய் நின்றுகொண்டு கையைத் தூக்கி, "எத்தனை விரல்?" என்று கத்தினார். நாம் ஓட்டிக்கொண்டே எண்ணிச் சொல்ல வேண்டும். விரலைப் பார்க்கத் தலையைத் திருப்பித்தானே ஆக வேண்டும்? தலை திரும்பினால் வண்டியும் திரும்பிவிடுகிறது. கூம்பைப் பார்த்தவர்கள் எல்லோரும் கூம்பின் மேல்தான் போனோம். அவருக்கு அது பிடிபட நாலைந்து சுற்று ஆனது. பிடிபட்டதும் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான் கீழேயும் போட்டேன். திரும்பும்போது பயத்தில் முன் பிரேக்கை அழுத்திவிட்டேன். வண்டி அப்படியே வலப்பக்கம் சாய்ந்து படுத்துவிட்டது. ஆக உங்கள் மாமா சொன்னது முழுப் பொய் இல்லை. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, மெதுவான வேகத்தில் அதைத் தொட்டால் விழத்தான் வேண்டும். அந்த மாதிரித் திருப்பத்தில் பின் பிரேக்கைத்தான் பிடிக்க வேண்டும்.

விழுந்ததில் ஒரு லாபம், தூக்கும் வித்தை கிடைத்தது. முதலில் இன்ஜின் சுவிட்சை அணைக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்த வண்டியென்றால் சைடு ஸ்டாண்டை முன்பே இறக்கிவிட்டு, முதல் கியரில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, இடுப்பை சீட்டோடு அணைத்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னாலேயே நடந்தால் எழுந்துவிடும். எடையைக் கால்தான் வாங்குகிறது, முதுகு இல்லை. வீட்டில் வண்டி சாய்ந்தால் இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.


சந்தேகப் பேர்வழி:

இப்படி ஒருவன் இல்லாவிட்டால் விவாதம் சப்பென்று போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

பயிற்சி நல்லது என்று சொல்பவர்கள் எல்லோரும் ஹர்ட் அறிக்கையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஹாரி ஹர்ட் குழு லாஸ் ஏஞ்சலஸில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981இல் வெளியிட்டது. விபத்தில் சிக்கியவர்களில் 92 விழுக்காட்டினர் தானாகவோ, வீட்டாரிடமோ, நண்பர்களிடமோ கற்றவர்கள் என்று அதில் இருக்கிறது. சரி. ஆனால் அந்தக் காலத்தில் சாலையில் போன எல்லோருமே அப்படிக் கற்றவர்கள்தான் என்றால் இந்த 92க்கு என்ன மதிப்பு? 2010இல் காக்ரேன் என்ற ஆய்வமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று, பயிற்சி விபத்தைக் குறைக்கிறதா என்று வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தது. ஆய்வுகளின் தரமே சரியில்லை, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று முடித்துவிட்டது.

சொந்தக் கதையும் உண்டு. நான் வகுப்புக்குப் போனேன். எல்லாம் நன்றாகச் செய்தேன், கைதட்டினார்கள். அடுத்த மாதமே, நமக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று ஒரு வளைவில் வழக்கத்தைவிட வேகமாக நுழைந்து, மணலில் சறுக்கி, முழங்கை உரிந்தது. வகுப்பில் சேராமல் இருந்திருந்தால் அந்த வளைவில் பழையபடி பயந்துகொண்டே போயிருப்பேன்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போய்விட்டு வந்ததும் ஒரு மாதம் உங்களையே நீங்கள் நம்பாதீர்கள்.


கூம்பு அடுக்குபவர்:

வார இறுதிகளில் ஒரு பயிற்சி மைதானத்தில் உதவிக்குப் போகிறேன். என்ன வேலை என்று பெயரிலேயே இருக்கிறது.

முதலில் சந்தேகப் பேர்வழிக்கு. ஹர்ட் குழு விபத்தில் சிக்கியவர்களை மட்டும் எண்ணவில்லை. அதே இடங்களில், அதே நேரங்களில் ஓட்டிப் போன மற்றவர்களையும் நிறுத்தி விசாரித்து ஒப்பிட்டுத்தான் பயிற்சி உதவுகிறது என்றது. ஆனால் காக்ரேன் பற்றி நீங்கள் சொன்னது சரி, எங்கள் ஆட்கள் அதைச் சொல்லமாட்டார்கள். முழங்கைக் கதையும் எங்களுக்குப் பழக்கமானதுதான். மைதானத்தில் கை தேறிவிடும். எந்த வளைவில் மணல் கிடக்கும் என்று எதிர்பார்க்கிற புத்தி இரண்டு நாளில் வராது. அதனால்தான் வகுப்பறை நேரத்தைக் கொட்டாவி விட்டுக் கழிக்காதீர்கள் என்று தொண்டை வற்றக் கத்துகிறோம்.

தேய்ந்த டயர், உங்கள் கதை அப்படியே அந்த 1981 அறிக்கையில் இருக்கிறது. கார் குறுக்கே திரும்புவது. ஓட்டுபவருக்கு எதையாவது செய்ய இரண்டு விநாடிகூடக் கிடைக்காதது. அந்த நேரத்தில் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தைத் தேய்க்கவிட்டு, முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்காமல் விடுவது. நாற்பது வருடத்துக்கு மேலாகியும் மைதானத்துக்கு வருகிற பாதிப் பேர் இதையேதான் செய்கிறார்கள்.

மகளின் கேள்விக்குப் பதில்: பஸ் பிரேக் போட்டால் நிற்பவர்கள் எல்லாம் முன்னால் போய் விழுவார்களே, அதேபோல வண்டியின் எடையும் முன்னால் வருகிறது. எடை ஏறுகிற சக்கரத்துக்குத்தான் சாலையில் பிடி அதிகம். உலர்ந்த சாலையில் பலமாக நிறுத்தும்போது 70 விழுக்காட்டுக்கும் மேல் வேலையை முன் சக்கரம்தான் செய்கிறது. பின் சக்கரம் அந்நேரம் லேசாகிவிடும். மிதித்ததும் பூட்டிக்கொண்டதற்குக் காரணம் அதுதான். 50 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர். ஒரு விநாடி திகைத்தால் அந்த 14 மீட்டர் போயே போச்சு, பிரேக்குக் கணக்கு அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் இன்னொரு 12, 13 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடும்.

ஆனால் சட்டென்று பறிக்கக் கூடாது. எடை முன்னால் வந்து சேர ஒரு கணம் வேண்டும். அதற்குள் முழுப் பலத்தையும் போட்டால் டயர் பூட்டி வழுக்கும், மாமா பயந்ததுபோல் விழத்தான் வேண்டும். ஈரத்துணியைப் பிழிவதுபோல, மெல்லத் தொடங்கி இறுக்கிக்கொண்டே போக வேண்டும். இதெல்லாம் அரை விநாடிக்குள். படித்தால் புரியும், விரலுக்குப் புரியாது. வீடியோ பார்த்துத் தனியாகப் பழகச் சொன்ன நண்பருக்கு அதுதான் என் பதில். நீங்கள் விரலை எப்படி மடக்குகிறீர்கள், கண் எங்கே போகிறது என்று வெளியிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. அன்றைக்குப் பின் சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனபோது பெடலைச் சட்டென்று விட்டிருந்தீர்களா? விடாதது நல்லதாகப் போயிற்று. கோணலாக இழுபடும்போது விட்டால் சக்கரத்துக்குத் திடீரென்று பிடி கிடைத்து, வண்டி உதறி மறுபக்கமாகத் தூக்கி எறியும். கோணலாகிவிட்டால் நிற்கும்வரை மிதித்தபடியே இருப்பதுதான் நல்லது. முன் சக்கரம் பூட்டினால் நேர் எதிர்: உடனே விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும்.


தேய்ந்த டயர்:

எல்லோருக்கும் நன்றி. பெடலை விடவில்லை, ஆனால் அறிவால் அல்ல, கால் விறைத்துப்போனதால். பெயர் கொடுத்துவிட்டேன். என் வண்டியையே எடுத்துக்கொண்டு போகலாமா, அங்கே இருப்பதை ஓட்டுவதா? என் வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறது, அது இருந்தால் இந்தப் பிழிகிற கதையெல்லாம் தேவையா?


கூம்பு அடுக்குபவர்:

அவர்கள் வண்டியையே ஓட்டுங்கள். கீழே விழுந்தால் உங்கள் மனசு வலிக்காது, அதனாலேயே தைரியமாகச் செய்வீர்கள். கணுக்காலை மூடுகிற காலணி, முழுக்கை, கையுறை, தாடையையும் மூடுகிற ஹெல்மெட். கீழே விழுந்து அடிபட்ட பழைய ஹெல்மெட் வேண்டாம். உள்ளே இருக்கிற நுரை ஒரு தடவை நசுங்கினால் நசுங்கியதுதான், வெளியே தெரியாது.

ஏபிஎஸ்: 1988இல் பிஎம்டபிள்யூ முதன்முதலில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தது. சக்கரம் பூட்டாமல் அது பார்த்துக்கொள்ளும். உங்களுக்காகப் பிரேக்கைப் பிடிக்காது. தொடாத லீவரில் ஏபிஎஸ் இருந்து என்ன பயன்? பலமாகப் பிடிக்கும்போது லீவர் விரலில் துடிக்கும். பயந்து விட்டுவிடாதீர்கள், அது வேலை செய்கிறது என்று அர்த்தம். சாய்ந்து திரும்பும்போது சாதாரண ஏபிஎஸ்ஸை நம்பிப் பிரேக் பிடிக்கவும் வேண்டாம்.

அப்புறம், இடப்பக்கம் போக இடது கைப்பிடியை முன்னால் தள்ளு என்று ஒரு நம்ப முடியாத விஷயம் சொல்வார்கள். சண்டை போடாதீர்கள். விமானம் செய்த வில்பர் ரைட், சைக்கிள் கடைக்காரர்தானே? இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று பல பேரிடம் கேட்டுப் பார்த்தாராம். ஹேண்டிலை முதலில் வலப்பக்கம் லேசாகத் திருப்பித்தான் வண்டியைச் சாய்க்கிறோம் என்பது அவர்களில் யாருக்குமே தெரியவில்லை.


தேய்ந்த டயர் (மூன்று வாரம் கழித்து):

போய் வந்துவிட்டேன். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டுப் பேர். என்னைவிட மூத்தவர் ஒருவர் இருந்தார், நிம்மதி. பயிற்சியாளர் ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவராவது இருப்பார். கிளட்ச் பாடத்தில் நானும் நிழலுக்குப் போகலாம் என்று பார்த்தேன். இரண்டாம் கியர் எழுதியது ஞாபகம் வந்து அங்கேயே நின்றேன். யு டர்னில் மூன்று கூம்பு. விரல் எண்ணும் வித்தை இங்கே இல்லை, அதற்குப் பதில், "கண் எங்கே இருக்கு?" என்ற ஒரே கேள்வி. இரண்டு நாளில் நூறு தடவை கேட்டிருப்பேன், கனவில்கூட வருகிறது.

நான் சொல்ல வந்தது பிரேக் பயிற்சியைப் பற்றி. நேராக 30இல் வந்து, இரண்டு கூம்புக்கு நடுவே முன் சக்கரம் நுழைந்ததும் நிறுத்த வேண்டும். எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டு அளக்கிறார்கள். முதலில், "நீங்க வழக்கமா எப்படி நிறுத்துவீங்களோ அப்படியே நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். 10 மீட்டரைத் தாண்டிப் போய் நின்றது. அவர் கோட்டைப் பார்க்கவில்லை, என் வலது கையைப் பார்த்தார். நான்கு விரலும் ஆக்சிலேட்டரைச் சுற்றி இறுக்கமாக மடங்கியிருந்தன. 19 வருடமாக அப்படித்தான் இருந்திருக்கின்றன. எனக்கு அதுவரை தெரியாது.

இரண்டாம் தடவை முன் பிரேக்கும் சேர்த்து என்றார். வந்தேன், கூம்பைத் தாண்டினேன், விரல் நீளவே இல்லை. வேண்டாம் என்று நான் முடிவு செய்யவில்லை. கை என் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் தடவை நீண்டது, ஆனால் வெடுக்கென்று பறித்துவிட்டேன். டயர் கீச்சென்றது, பயந்து உடனே விட்டுவிட்டேன், அப்புறம் வழக்கம்போல் கால். அவர் வந்து ஹேண்டில் பக்கத்தில் நின்று, வண்டி நின்றிருக்கும்போதே என்னைப் பிடிக்கச் சொன்னார். தன் இரண்டு விரலை என் விரல்மேல் வைத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இறுக்கிக் காட்டினார். ஒன்றில் லீவரின் தளர்வு தீர்ந்து பிரேக் பேட் தொடுகிறது. இரண்டில்தான் பலம். 'ஒன்று' என்ற அந்த இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. நான் எப்போதும் இரண்டிலேயே ஆரம்பித்து, அதற்குப் பயந்தும் இருந்திருக்கிறேன்.

ஆறாம் தடவை 5 மீட்டருக்குச் சற்று மேலே நின்றது. முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் அப்படியே அமுங்கியது, எடையெல்லாம் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது, தொடை தானாக டேங்கை இறுக்கிக்கொண்டது. குப்புறத் தூக்கிப் போடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன் என்று அதற்கும் திட்டு வாங்கினேன்.

மறுநாள் தூறல். ஈரத்தில் இன்னும் மெல்லப் பிழிய வேண்டும் என்பதைக் காசு கொடுக்காமலே கற்றோம். கைப்பிடியைத் தள்ளும் விஷயத்தில் சண்டை போடாமல் இருக்க முடியவில்லை. "நம்பாதீங்க, தள்ளிப் பாருங்க" என்றார். 30இல் நேராகப் போய் வலது உள்ளங்கையால் லேசாக முன்னால் தள்ளினேன். வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. என் வாயிலிருந்து என்ன வந்தது என்று இங்கே எழுத முடியாது. கடைசித் தேர்வில் தேறினேன், யு டர்னில் கால் ஊன்றியதற்கு மதிப்பெண் போனது.

சந்தேகப் பேர்வழி சொன்ன ஒரு மாதத்தைக் கடைப்பிடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பதினைந்து நிமிடம் காலி மைதானத்தில் பிரேக் மட்டும் பிடித்துப் பார்க்கிறேன். மகள் கோடு போடுகிறாள். அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எப்போது போவது என்று அவள்தான் சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் மாமாவைப் பார்க்கப் போனேன். அதே பழைய வண்டி இன்னும் இருக்கிறது. முன் பிரேக் லீவரைப் பிடித்துப் பார்த்தேன். தொளதொளவென்று கைப்பிடிவரை வந்து ஒட்டியது. கேபிள் அத்தனை தளர்வு. கேட்டால், "நான்தான் தளர்த்தி வெச்சேன், தெரியாமக் கை பட்டுடக்கூடாதுல்ல" என்கிறார். இளம் வயதில் ஒரு வளைவில், மணலில், முன் பிரேக்கைப் பிடித்து விழுந்து தோள் எலும்பு உடைந்ததாம். இத்தனை வருடத்தில் இதை எனக்குச் சொன்னதே இல்லை. எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஒற்றை வரி மட்டும்தான்.

அவர் உள்ளே போன நேரத்தில் ட்ரம் பக்கத்து நட்டை இறுக்கிச் சரியான அளவுக்கு வைத்துவிட்டு வந்தேன்.


இரண்டாம் கியர்:

அந்த 'ஒன்று' எனக்கும் புதுசு. நாளைக்குப் போய் என் லீவரில் தேடப் போகிறேன். மகள் கோடு போடுகிறாள் என்பதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.


கூம்பு அடுக்குபவர்:

5 மீட்டர் நல்ல கணக்கு. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். நட்டை இறுக்கியதை மாமாவிடம் சொன்னீர்களா? இத்தனை வருடமாக வெறும் லீவர் என்று நினைத்திருக்கிற கை, அவசரத்தில் தெரியாமல் பிடித்தால் இப்போது அது பிடிக்கும். அதுவும் ஒரு வளைவில் பிடித்தால் பழைய கதைதான். உடனே ஒரு போன் போடுங்கள்.


தேய்ந்த டயர்:

எனக்கு இது உறைக்கவே இல்லை. படித்ததும் போன் செய்துவிட்டேன்.

சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை வண்டியை எடுக்கும்போதே கண்டுபிடித்துவிட்டாராம். "யாருடா அதை இறுக்கினது, அப்பவே தளர்த்திட்டேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "வரேன், ஆனா முக்கால் மணி நேரம்தான் இருப்பேன்" என்றார்.